பரணில் இருந்தது யாருடையது?

ஒரு வீட்டின் பரணைக் காலி செய்வதில் மார்க்கத்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். தொழுகையின் ஷர்த்துகளையும் ஜகாத்தின் நிஸாபையும் பேச வேண்டிய பக்கங்களில் துருப்பிடித்த டிரங்குப் பெட்டிக்கும் மூக்கு உடைந்த கூஜாவுக்கும் இடமேது? சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். எங்கள் தாயார் வஃபாத்தான பிறகு ஊரிலிருந்த பழைய வீட்டை விற்பதென்று முடிவாயிற்று. வாங்கியவர் பத்து நாள் தவணை கொடுத்தார். மூத்தவன் என்ற முறையில் பரணை ஒழிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வேலை முடிவதற்குள், ஐம்பது வயதுக்கு மேல் தெரிந்திருக்க வேண்டிய ஒரு மஸ்அலா எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது என்பது விளங்கிவிட்டது.

வீடு இருந்தது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில். எங்கள் சிறு வயதில் அது ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைந்த பூமி. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998இல் கார்கள் வெளிவந்தன. 2006இல் நோக்கியா வந்தது, 2014இல் மூடிக்கொண்டு போயிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறக்கப்பட்டது. அதன் பிறகு வந்தவற்றை எண்ணி மாளாது. மூட்டைக் கணக்கில் பேசிய ஊர் சதுர அடிக் கணக்கில் பேசத் தொடங்கியது. எங்கள் வீட்டை வாங்கியவரும் அதை இடித்துவிட்டு, ஷிப்டு வேலைக்கு வெளி மாநிலங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அறைகள் கட்டத்தான் வாங்கினார்.

நிலத்தின் விலை ஏறியதில் ஒரு நன்மையும் விளைந்தது. பெண்மக்களின் பங்கு மறக்கப்படாமல் எழுதப்படுகிறது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டிருந்தது. 1949இல் சென்னை மாகாணத் திருத்தம் அதையும் சேர்த்தது. சட்டம் வந்தும் நெடுங்காலம் பல வீடுகளில் சகோதரிகளுக்கு ஒரு புடவையும் ஒரு வேளை விருந்துமே பங்காக இருந்தது என்பதை நாமெல்லாம் அறிவோம். இப்போது வாங்குகிறவரின் வக்கீலே எல்லா வாரிசுகளின் கையெழுத்தையும் கேட்கிறார். எங்கள் வீட்டில் ஆண் இருவர், பெண் இருவர். ஆறு பங்கு, எனக்கும் தம்பிக்கும் இரண்டிரண்டு, தங்கைகளுக்கு ஒவ்வொன்று. பத்திரத்தில் ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை.

இவ்வளவு சுத்தமாக வீட்டுப் பணத்தைப் பிரித்த நான், பரண்மீது ஏறிய முதல் நாளே என்ன செய்தேன் தெரியுமா? டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் மேலாக இருந்த தாயாரின் தஸ்பீஹை எடுத்து முத்தமிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். தொண்ணூற்றொன்பது மணி. நூல் மூன்று முறை மாற்றிக் கோக்கப்பட்டது. சுபுஹுக்குப் பிறகு திண்ணைச் சுவரில் சாய்ந்து அவர்கள் அதை உருட்டும் ஓசையில் கண்விழித்து வளர்ந்தவன் நான். அதை எடுப்பதில் கேள்வி எழும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அழுதேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எடுக்கும் உரிமை அந்த அழுகையிலேயே கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் தம்பி வந்தான். அத்தாவின் கைக்கடிகாரத்தைக் கண்டெடுத்து, என்னைப் போலவே அவனும் பைக்குள் வைத்தான். எனக்குச் சுருக்கென்றது. நான் எடுத்தது பாசம், அவன் எடுத்தது ஆசை என்று மனம் எவ்வளவு எளிதாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறது! அன்று இரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது நினைவுக்கு வந்தது, அன்னை கதீஜா (ரலி) அவர்களின் கழுத்து மாலை.

பலரும் கேட்டிருக்கக்கூடிய வரலாறுதான். ஆயினும் அதில் நான் இதுவரை கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. ஹிஜ்ரி 2இல் பத்ருப் போர். எதிரணியில் சிறைப்பட்டவர்களில் ஒருவர் அபுல் ஆஸ். அவர் நாயகம் (ஸல்) அவர்களின் மூத்த மகளார் ஜைனப் (ரலி) அவர்களின் கணவர்; கதீஜா (ரலி) அவர்களின் உடன்பிறந்தாள் ஹாலாவின் மகன். மக்காவாசிகள் தத்தம் கைதிகளை மீட்கப் பணம் அனுப்பினர். அப்போது மக்காவிலேயே இருந்த ஜைனப் (ரலி) அவர்கள் கணவரை மீட்கக் கொடுத்தனுப்பிய பொருளோடு ஒரு மாலையும் இருந்தது. திருமணத்தன்று தாயார் கதீஜா (ரலி) அவர்கள் மகளுக்கு அணிவித்த மாலை அது. அம்மையார் மறைந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. மாலையைக் கண்டதும் நாயகம் (ஸல்) அவர்களின் உள்ளம் உருகிப்போயிற்று என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது.

நினைவுப் பொருளைக் கண்டு மனம் கலங்குவது ஈமானுக்குக் குறைவு என்று கருதுவோர் இதை முதலில் கவனிக்க வேண்டும். ஹாலா ஒரு முறை வாசலில் நின்று அனுமதி கேட்டபோது, அந்தக் குரலில் கதீஜா (ரலி) அவர்கள் அனுமதி கேட்கும் சாயல் இருந்ததால் நாயகம் (ஸல்) அவர்கள் நெகிழ்ந்ததுண்டு. ஆடு அறுத்தால் மறைந்த மனைவியின் தோழிமார் வீடுகளுக்கு இறைச்சி அனுப்பியதும் உண்டு. நினைவைப் பேணுதல் அந்தத் திருவீட்டின் வழக்கமாகவே இருந்திருக்கிறது.

நான் கவனிக்காத இடம் அடுத்து வருவது. மாலை யாருடையது? மகள் மனமுவந்து ஈட்டுப் பொருளாக அனுப்பிவிட்டார். அது இப்போது முஸ்லிம்களுக்குச் சேர வேண்டியது. படையின் தலைவரும் அவர்களே, மாலைக்குரியவரின் கணவரும் அவர்களே. எடுத்து வைத்துக்கொண்டால் யார் தடுப்பார்? மதீனாவில் அப்படியொரு நாவு இருந்ததா? நாயகம் (ஸல்) அவர்களோ தோழர்களிடம் கேட்டார்கள்: உங்களுக்குச் சரியென்று பட்டால் அவளுடைய கைதியை விடுவித்து, அவளுடைய பொருளையும் அவளுக்கே திருப்பிக் கொடுக்கலாமே என்ற கருத்தில் கேட்டார்கள். தோழர்கள் இசைந்தார்கள். அதன் பிறகே மாலை மக்காவுக்குத் திரும்பியது.

உள்ளம் உருகியது உண்மை. உருகிய உள்ளம் பொருளின்மீது ஓர் அணுவளவு உரிமையையும் உண்டாக்கவில்லை என்பதும் உண்மை. அன்பு அங்கே செய்த ஒரே காரியம், பிறரிடம் கேட்கும்படி செய்தது. நான் பரணில் செய்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சட்டைப் பை கனத்தது.

இது ஒரு முறை நிகழ்ந்த பெருந்தன்மை மட்டுமன்று. சில ஆண்டுகளுக்குப் பின் அதே அபுல் ஆஸ் சிரியாவிலிருந்து வணிகச் சரக்கோடு திரும்புகையில் சரக்கு முஸ்லிம் படையிடம் சிக்கியது. அவர் தப்பி மதீனாவுக்குள் வந்து ஜைனப் (ரலி) அவர்களிடம் அபயம் தேடினார். அப்போதும் நாயகம் (ஸல்) அவர்கள் படையினரிடம், இவருக்கும் நமக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும், திருப்பிக் கொடுத்தால் மகிழ்வேன், மறுத்தால் அது உங்களுக்கே உரியது என்ற பொருளில்தான் பேசினார்கள். இப்னு இஸ்ஹாக் எழுதியுள்ள வரலாற்றின்படி, தோழர்கள் பழைய தோல்பைகளையும் சிறு மரத்துண்டுகளையும்கூட விடாமல் கொண்டுவந்து ஒப்படைத்தார்களாம். பரணில் கிடக்கும் சாமான்களின் பட்டியல் போலவே இருக்கிறதல்லவா? அபுல் ஆஸ் அவற்றை மக்காவுக்குக் கொண்டுபோய் உரியவர் ஒவ்வொருவரிடமும் சேர்த்து, இன்னும் யாருக்காவது பாக்கி உண்டா என்று கேட்டு, இல்லையென்று அவர்கள் சொன்ன பிறகே கலிமாச் சொன்னார். முன்பே சொன்னால் பிறர் பொருளை விழுங்க இஸ்லாத்தை ஏற்றான் என்று பேசுவார்களே என்பதுதான் அவருடைய கவலை.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். ஒருவர் கண்மூடிய நொடியில் அவருடைய உடைமை முழுவதும், கடனும் வஸிய்யத்தும் போக, வாரிசுகள் அனைவருக்கும் பொதுவாகிவிடுகிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்கு உண்டென்று சொல்லும்போது, பொருள் குறைவாயினும் அதிகமாயினும் என்று சேர்த்தே சொல்கிறது. வீடு அதிகத்தில் சேரும்; தஸ்பீஹ் குறைவில் சேரும். ஊசியும் நூலும் அதில் அடக்கம். பிரிக்கப்படாத பொருளில் ஒரு வாரிசு மற்றவர் இசைவின்றி எடுத்தால், எடுத்தது தன் பங்கு மட்டுமன்று. பிறர் பங்கையும் எடுத்தவனாகிறான்.

இதில் நம் வீடுகளில் பரவலாக நடக்கும் ஒரு தவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். மய்யித்து அடக்கமான மூன்றாம் நாளோ நாற்பதாம் நாளோ இறந்தவரின் துணிமணி, பாய், தலையணை, பாத்திரங்களை அள்ளி மதரஸாவுக்கும் ஏழைகளுக்கும் கொடுத்துவிடுகிறோம். நன்மைதானே என்று கேட்பீர்கள். வயது வந்த வாரிசுகள் எல்லோரும் மனமார இசைந்தால் நன்மைதான். ஆனால் வாரிசுகளில் பருவமடையாத ஒரு குழந்தை இருந்தால்? அந்தக் குழந்தை சரியென்று தலையாட்டினாலும் ஷரீஅத்தில் அந்த இசைவு செல்லாது. அதன் பங்கை எடுத்து தர்மம் செய்ய யாருக்கும் அனுமதியில்லை. தந்தையை இழந்த ஆறு வயதுப் பிள்ளையின் பங்கிலிருந்து கத்தம் சாப்பாடு நடக்கிறது; சாப்பிட்டவர்கள் துஆவும் கேட்கிறார்கள். எத்தீமின் பொருளைப் பற்றி அதே அந்நிஸா அத்தியாயத்தின் 10ஆம் வசனம் என்ன எச்சரிக்கிறதென்பதைத் தர்ஜுமாவில் எடுத்துப் பாருங்கள். நான் இங்கே எழுத அஞ்சுகிறேன்.

சரி, தொண்ணூற்றொன்பது மணியை ஆறு பங்காக்குவது எப்படி? பதினாறரை மணி வருகிறது! பிரித்தால் கெட்டுப்போகும் பொருளுக்கு வழிகள் உண்டு. எல்லோரும் இசைந்து ஒருவருக்கு விட்டுக்கொடுக்கலாம். ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குரிய மதிப்பை ஈடு செய்யலாம். விற்றுப் பணத்தைப் பிரிக்கலாம். எல்லோரும் சமமாக விரும்பி நின்றால் சீட்டுக் குலுக்கலாம். பிரயாணத்தில் உடன் அழைத்துச் செல்லும் மனைவியாரை நாயகம் (ஸல்) அவர்கள் சீட்டுப் போட்டே தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் எந்த வழியானாலும் முதலில் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும். சந்தையில் ஐம்பது ரூபாய் பெறாத பொருளுக்குக் கேள்வி எதற்கு என்று தோன்றும். சந்தை விலை இல்லாத இடத்தில்தான் மனத்தாங்கல் அதிகம். நிலத்துக்காகப் பேச்சு நின்ற சகோதரர்கள் சில ஆண்டுகளில் சேர்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் வெற்றிலைப் பெட்டியை அண்ணி எடுத்துக்கொண்டாள் என்று இருபது ஆண்டுகள் பேசாதிருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் தங்கைகள் இருவரையும் வரவழைத்தேன். தஸ்பீஹைப் பையிலிருந்து எடுத்துப் பாயில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். தம்பியும் கடிகாரத்தை வைத்தான். அது அத்தாவுடையது, அவர் மவுத்தாகி இருபது வருடம். அதில் தாயாருக்கு எட்டில் ஒன்று இருந்ததையும் யாரும் பிரிக்கவில்லை. அந்த எட்டில் ஒன்றும் இப்போது எங்களுக்கே வந்திருக்கிறது.

சின்னத் தங்கை தஸ்பீஹையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, கடைசி ரெண்டு வருஷம் அம்மாவுக்குக் கை நடுங்கும். நூல் அறுந்தா நான்தான் கோத்துக் குடுப்பேன்" என்றாள். கேட்கவில்லை, அவ்வளவுதான் சொன்னாள். மூன்று முறை மாற்றிய நூலில் கடைசி நூல் அவளுடையது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. நான் வெளியூரில் உத்தியோகத்திலிருந்த காலம் அது. தஸ்பீஹ் அவளிடம் போயிற்று. எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய்யாகும்.

எல்லாவற்றையும் குப்பை என்று எறிந்துவிடுவதே பற்றற்ற நிலை என்று பேசும் ஒரு கூட்டமும் உண்டு. எங்கள் தம்பி அவர்களில் சேர்த்தி, கடிகாரம் கண்ணில் படும்வரை! ஆனால் ஸஹாபாக்கள் எறியவில்லை. அனஸ் (ரலி) அவர்கள் நாயகத்தின் குவளையை வைத்திருந்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்களிடமிருந்த நாயகத்தின் ஜுப்பா, அன்னார் மறைந்த பின் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களிடம் இருந்தது. தபர்ருக் பற்றிய விவாதத்துக்குள் நான் போகவில்லை. அது ஆலிம்களின் வேலை. ஒன்றைப் பேணி வைப்பதும் அதனிடம் தேவையைக் கேட்பதும் வேறு வேறு என்பது பாமரனுக்கும் தெரியும். ஹஜருல் அஸ்வதை முத்தமிட்டபடியே, நீ நன்மையோ தீமையோ செய்ய முடியாத கல் என்பதை அறிவேன் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பேசியதை நினைத்துக்கொண்டால் போதும்.

காகிதங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. கிழிந்த முஸ்ஹப் ஏடுகளை எடைக்குப் போடும் பாவத்தைச் செய்யாதீர்கள். சுத்தமான துணியில் சுற்றிக் கால்படாத இடத்தில் அடக்கலாம். எரிப்பதற்கும் உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்து முன்மாதிரி உண்டு. ஆனால் அரபு எழுத்தில் இருப்பதெல்லாம் குர்ஆன் ஏடு என்று எண்ணி அவசரப்பட்டு அடக்கிவிடவும் கூடாது. எங்கள் பரணில் பாட்டியாரின் பெட்டியில் கிடந்த ஒரு நூல் அரபுத் தமிழில் இருந்தது. எழுத்து அரபு, மொழி தமிழ். அக்காலத்து நம் பெண்கள் பலர் மார்க்கம் படித்தது அந்த எழுத்தில்தான். கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அந்த எழுத்தில் எழுதிய நூல்கள் வீடுதோறும் ஓதப்பட்டவை. தைக்கா ஷுஐப் ஆலிம் அவர்கள் 1993இல் அரபுத் தமிழ் இலக்கியத்தைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார்கள். படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் எதையும் மண்ணுக்குக் கொடுக்காதீர்கள். பாட்டியாரின் நூலை நாங்கள் நால்வரும் பேசி, படிக்கத் தெரிந்த ஒரு ஆலிமிடம் ஒப்படைத்தோம்.

கடைசி நாள், டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு கடுகு டப்பா கிடைத்தது. உள்ளே துணி முடிச்சு. முடிச்சுக்குள் ஒரு ஜோடித் தங்கக் கம்மல். கூடவே தாயாரின் கையெழுத்தில் ஒரு சீட்டு. ஒரு பெண்ணின் பெயரும், நூற்றைம்பது ரூபாய் என்றும் எழுதியிருந்தது. பெயரை நான் இங்கே எழுதவில்லை. எங்கள் களத்தில் நெல் தூற்ற வந்துகொண்டிருந்த அம்மாள். வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுத்து, அவர் வற்புறுத்தியதால் தாயார் வாங்கி வைத்த அடமானம் அது. மீட்க வந்தாரோ இல்லையோ, தெரியாது. தங்கம் இன்று விற்கும் விலை வாசகர்களுக்குத் தெரியும்.

"நாப்பது வருஷமா யாரும் கேக்கலையே" என்றான் தம்பி. அவன் கெட்டவனில்லை, மகளுக்கு நிக்காஹ் பேசிக்கொண்டிருந்தான். எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் அடமானம் எத்தனை ஆண்டு கிடந்தாலும் அடகு வைத்தவருடைய பொருள்தான். அது தாயாருக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை. சொந்தமில்லாததை அவர்கள் எங்களுக்கு விட்டுச் செல்லவும் முடியாது. எங்களுக்கு உரியது நூற்றைம்பது ரூபாய்க் கடன் மட்டும். அதில் எனக்கு ஐம்பது, தம்பிக்கு ஐம்பது, தங்கைகளுக்கு இருபத்தைந்து இருபத்தைந்து. நால்வரும் அவரவர் பங்கை விட்டுக்கொடுத்தோம். தம்பிதான் முதலில் சொன்னான்.

அந்த அம்மாளின் குடும்பம் இருந்த தெரு இப்போது இல்லை. விசாரித்து விசாரித்து, சுங்குவார்சத்திரம் பக்கம் வாடகை வீட்டில் இருந்த அவருடைய ஒரே மகளைக் கண்டுபிடித்தேன். தாய் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருக்கே அறுபதுக்கு மேல் இருக்கும். பேரன் ஏதோ ஒரு கம்பெனியில் இரவு ஷிப்டு முடித்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். கம்மலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒன்றின் திருகாணி மட்டும் வேறு நிறமாக இருந்தது. "தொலைஞ்சுபோயி வேற மாத்தினது. எங்கம்மா சொல்லிக்கினே இருக்கும்" என்றார். கடன் தீர்ந்தது என்று சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. கம்மலை முந்தானையில் முடிந்துகொண்டு, என் கையிலிருந்த சீட்டைக் காட்டினார்.

"பாய், இது எங்கம்மா பேரு எழுதினதுதானே? எங்க வூட்ல அதும் பேரு எழுதின காகிதம் ஒண்ணுகூட இல்ல. இத்த நான் வெச்சிக்கட்டுமா?"

பெயர் அவருடைய தாயாருடையது. எழுத்து எங்கள் தாயாருடையது. அவர்கள் கைப்பட எழுதியதாக எங்களிடம் மிஞ்சியிருப்பதும் அது ஒன்றுதான். கொடுத்துவிடலாம் என்றே எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தச் சீட்டிலும் நால்வருக்குப் பங்கிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, வாசலுக்கு வந்து சின்னத் தங்கைக்குப் போன் போட்டேன்.